சுவருக்குள் சூடாகும் ஒயர்

இரவு மணி 11.

"ஏதோ கருகுகிற வாசனை வருகிறதே!" என்றார் அம்மா.

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தோம். அடுப்பு அணைந்து இருந்தது. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தோம். அங்கும் ஒன்றும் இல்லை. அம்மா விடவில்லை. மோப்பம் பிடித்தபடியே அறை அறையாக வந்தார். படுக்கை அறைக்குள் வந்ததும் நின்றுவிட்டார்.

அங்கே என் அக்காள் மகன் தூங்கிக்கொண்டு இருந்தான். வயது 6. ஏ.சி. ஓடிக்கொண்டு இருந்தது. அவன் தலைக்கு மேலே சுவரில் சுவிட்சு பெட்டி. அதன் வெள்ளை மூடி பழுப்பு நிறமாக மாறி இருந்தது. அம்மா கையை அருகே கொண்டு போனார். காய்ந்த தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கை வைத்தது போல இருந்ததாம்.

பையனைத் தூக்கிக்கொண்டு அம்மா கூடத்துக்கு ஓடினார். நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். வீடு இருண்டது.

அன்று இரவு யாரும் தூங்கவில்லை. சுவருக்குள் என்ன நடந்தது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

விசிறிக்குப் போட்ட ஒயர்

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் வீடு. 1994-ம் ஆண்டில் அப்பா கட்டியது.

அப்போது அந்த அறையில் என்ன இருந்தது? ஒரு மின்சார விசிறி. ஒரு குழல் விளக்கு. ரேடியோவுக்கு ஒரு சிறிய பிளக். அவ்வளவுதான். அதற்கு ஏற்ற ஒயரைத்தான் அன்றைக்குப் போட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

பிறகு சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. அறையை ஒட்டி ஒரு குளியல் அறை கட்டினோம். அதில் வெந்நீர் ஹீட்டர் மாட்டினோம். இஸ்திரி பெட்டி வந்தது. போன வருடம் அக்கினி நட்சத்திர வெயில் தாங்கவில்லை என்று ஏ.சி.யும் வந்தது. எல்லாவற்றுக்கும் மின்சாரம் போனது அந்தப் பழைய ஒயர் வழியாகத்தான்.

ஏ.சி. வந்த வாரமே தொல்லை தொடங்கியது. ஹீட்டரைப் போட்டால், கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று சத்தம். அறையில் மின்சாரம் போய்விடும். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் 'எம்.சி.பி.' கீழே விழுந்து இருக்கும். அதைத் தூக்கிவிட்டால் மறுபடியும் விழும்.

ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தார், பார்த்தார். அதில் இருந்தது 10 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டினார். "இனி விழாது" என்றார்.

அவர் சொன்னபடியே விழவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அவர் செய்தது தப்பு என்று இன்று கோபப்படுகிறேன். ஆனால், "எதற்காக விழுகிறது?" என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லையே! பட்டம் வாங்கியவன், பத்திரிகையில் எழுதுகிறவன். எனக்கே தோன்றவில்லை.

யாரைக் காப்பாற்ற?

மறுநாள் காலையில் ஒரு பெரியவர் வந்தார். 40 வருடமாக ஒயரிங் வேலை பார்ப்பவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

சுவிட்சு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒயர்களின் மேல் உறை கறுத்துப் போய் இருந்தது. ஒன்றைப் பிடித்து வளைத்தார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே இருந்த செம்புக் கம்பி வெளியே தெரிந்தது.

"இன்னொரு ஒயரும் இதே மாதிரி உரிந்து, இரண்டும் ஒட்டி இருந்தால் தீதான்" என்றார்.

பிறகு எம்.சி.பி. பெட்டியைப் பார்த்தார். 32 என்ற எண்ணைப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, எம்.சி.பி. யாரைக் காப்பாற்ற இருக்கிறது?"

"ஏ.சி.யைக் காப்பாற்ற, அண்ணாச்சி."

"இல்லை. ஒயரைக் காப்பாற்ற இருக்கிறது."

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது.

ஒயருக்கு ஒரு அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் அதில் மின்சாரம் ஓடினால் சூடாகும். சூடு ஏறுவதற்குள் மின்சாரத்தை நிறுத்துவதுதான் எம்.சி.பி.யின் வேலை. அந்தக் காலத்து பியூசுக்கும் இதே வேலைதான். 10 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தது அல்லவா? அது ரிப்பேர் ஆகி விழவில்லை. "ஒயர் தாங்காது, ஒயர் தாங்காது" என்று சொல்லிக்கொண்டே விழுந்தது. நாங்கள் அந்தக் காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு, 32 வரை கண்ணை மூடிக்கொண்டு இருக்கும் இன்னொரு காவல்காரனை வைத்தோம்.

சந்துக்குள் தேர்த் திருவிழா

ஒயர் ஏன் சூடாகிறது?

தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ரத வீதியில் ஆயிரம் பேர் நடந்தாலும் தாராளமாகப் போகலாம். அதே ஆயிரம் பேர் ஒரு முடுக்குச் சந்துக்குள் நுழைந்தால்? இடி, நெருக்கடி, புழுக்கம். மெல்லிய ஒயரில் அதிக மின்சாரம் போவதும் இப்படித்தான். கம்பிக்குள் மின்சாரம் நெருக்கி அடித்துக்கொண்டு போகிறது. கம்பி சுடுகிறது.

எவ்வளவு சுடும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்துக்காரர். பீர் காய்ச்சும் ஆலை முதலாளியின் மகன். கம்பியில் மின்சாரத்தை ஓடவிட்டு, அதைத் தண்ணீருக்குள் வைத்து, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். 1841-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 22.

அவர் கண்டுபிடித்தது இதுதான்: மின்சாரம் 2 மடங்கு ஆனால், சூடு 2 மடங்கு ஆகாது. 4 மடங்கு ஆகும். மின்சாரம் 3 மடங்கு ஆனால், சூடு 9 மடங்கு.

"கொஞ்சம்தானே கூடுகிறது" என்று நாம் நினைக்கிறோம். ஒயருக்கு அது கொஞ்சம் அல்ல.

வீட்டு ஒயரின் மேல் உறை பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். சாதாரண பி.வி.சி. ஒயரில் கம்பியின் சூடு 70 டிகிரி சென்டிகிரேடு வரை போகலாம். அதைத் தாண்டினால் உறை இளகும், கறுக்கும், காய்ந்து நொறுங்கும். இது ஒரே நாளில் நடப்பது இல்லை. மாதக் கணக்கில் சுவருக்குள் நடக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

கணக்கு எளிது

ஒரு சாமான் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாமானின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். அதில் 'வாட்' கணக்கு இருக்கும். அந்த எண்ணை 230-ஆல் வகுங்கள். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வகுத்து வருவது ஆம்பியர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது.

இஸ்திரி பெட்டி 1,000 வாட். வகுத்தால், 4 ஆம்பியருக்குச் சற்று அதிகம். மிக்சி 750 வாட் என்றால், 3 ஆம்பியருக்குச் சற்று அதிகம். மின்சார விசிறி 75 வாட். அது 1 ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். எல்.இ.டி. விளக்கு கணக்கிலேயே வராது. வெந்நீர் ஹீட்டர் 2,000 வாட் என்றால், கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இண்டக்சன் அடுப்பும் 2,000 வாட் என்றால், அதே 9 தான். ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும்.

விசிறி, விளக்கு, டி.வி. இவை எல்லாம் சாதுக்கள். சூடு உண்டாக்கும் சாமான்களும், குளிர் உண்டாக்கும் சாமான்களும்தான் பெரிய தீனிக்காரர்கள்.

எங்கள் அறைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஏ.சி. 8, ஹீட்டர் 9, இஸ்திரி பெட்டி 4. மொத்தம் 21 ஆம்பியர். அந்தப் பழைய ஒயர் தாங்குவது 11 ஆம்பியர்!

10 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தவரை, கொஞ்ச நேரத்திலேயே விழுந்து எங்களைக் காப்பாற்றியது. 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 21 ஒரு பொருட்டே அல்ல. அது விழாது. ஒயர்தான் வெந்தது.

'ஸ்கொயர்' என்றால் என்ன?

எலெக்ட்ரிகல் கடைக்குப் போனால் "ஒன்றரை ஸ்கொயர் ஒரு கட்டு, ரெண்டரை ஸ்கொயர் ஒரு கட்டு" என்று கேட்பதைப் பார்க்கலாம். ஒரு கட்டு என்பது பெரும்பாலும் 90 மீட்டர். 'ஸ்கொயர்' என்றால் சதுர மில்லிமீட்டர். கரும்பைக் குறுக்கே வெட்டினால் வட்டமாக ஒரு முகம் தெரிகிறது அல்லவா? ஒயருக்குள் இருக்கும் செம்பை அப்படி வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்புதான் அந்த அளவு. மேல் உறையின் தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே இருக்கும் செம்புதான் கணக்கு.

சுவருக்குள் குழாயில் போகும் செம்பு ஒயர் எவ்வளவு தாங்கும்?

1 ஸ்கொயர் சுமார் 11 ஆம்பியர் தாங்கும். ஒன்றரை ஸ்கொயர் 13 ஆம்பியர். இரண்டரை ஸ்கொயர் 18 ஆம்பியர். 4 ஸ்கொயர் 24 ஆம்பியர். 6 ஸ்கொயர் 31 ஆம்பியர். கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண் சற்று மாறும். கடையில் கேட்டால் அட்டவணை காட்டுவார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1 ஸ்கொயர் 11 ஆம்பியர் தாங்கினால், 4 ஸ்கொயர் 44 தாங்க வேண்டும் அல்லவா? தாங்காது. 24 தான். ஏன்? செம்பு 4 மடங்கு ஆனாலும், சூட்டை வெளியே விடும் மேல்புறம் 4 மடங்கு ஆவது இல்லை. தடித்த கம்பிக்கு வியர்வை ஆறுவது கஷ்டம்.

ஒரே குழாய்க்குள் பல ஒயர்களைத் திணித்தால் இந்த அளவு இன்னும் குறையும். ஒன்றின் சூடு இன்னொன்றைத் தாக்கும். தகரக் கூரைக்கு அடியில் ஒயர் போனாலும் அப்படித்தான். சித்திரை, வைகாசி மாதத்தில் அங்கே 50 டிகிரி சூடு சாதாரணம். அந்த இடத்தில் ஒயரின் பலம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

பழைய ஒயர்மேன்கள் '3/20', '7/20' என்று சொல்வார்கள். 20 நம்பர் கம்பி 3 இழை, 20 நம்பர் கம்பி 7 இழை என்று அர்த்தம். அந்தக் கணக்கில் நம்பர் கூடினால் கம்பி மெல்லிசு! 18 நம்பரை விட 22 நம்பர் மெலிந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. பழைய வீடு வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

படிக்கட்டு போல

அண்ணாச்சி எனக்கு ஒரு வழி சொன்னார்.

"மூன்று எண்ணைப் பாருங்கள், தம்பி. சாமான் இழுப்பது சின்ன எண்ணாக இருக்க வேண்டும். எம்.சி.பி.யின் எண் அதற்கு மேலே இருக்க வேண்டும். ஒயர் தாங்குவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி."

ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். அது இழுப்பது 9. எம்.சி.பி. 16. இரண்டரை ஸ்கொயர் ஒயர் தாங்குவது 18. படிக்கட்டு சரியாக இருக்கிறது.

ஏ.சி. இழுப்பது 8 தான். ஆனால் சில ஏ.சி.கள் கிளம்பும்போது ஒரு நொடி பல மடங்கு இழுக்கும். வருடம் பூராவும் இரவு முழுவதும் ஓடும். ஆகவே அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி., 4 ஸ்கொயர் ஒயர். அதுவும் தனி லைன். வேறு எதையும் அதில் மாட்டக் கூடாது.

விளக்கு, விசிறி, சிறிய பிளக் இவற்றுக்கு ஒன்றரை ஸ்கொயர் ஒயரும், 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், பெரிய எம்.சி.பி. கேட்காதீர்கள். "இந்த லைனில் என்ன ஒயர் இருக்கிறது?" என்று கேளுங்கள். ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுவிட்சு பெட்டி, பிளக் ஆகியவற்றின் திருகாணிகளும் முக்கியம். நல்ல ஒயர் போட்டும், திருகாணி தளர்ந்து இருந்தால் அந்த இடம் மட்டும் சுடும். பழைய வீடுகள் சிலவற்றில் அலுமினிய ஒயர் உண்டு. அதில் திருகாணி சீக்கிரம் தளரும். அதே தடிமன் உள்ள செம்பு தாங்கும் அளவுக்கு அலுமினியம் தாங்காது.

பியூஸ் உள்ள வீடுகளில்

பீங்கான் பியூஸ் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பியூஸ் போனால் கைக்குக் கிடைத்த ஒயரை உரித்து, அதன் கம்பியைச் சுற்றிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டு இழை போட்டால் கெட்டி, மூன்று இழை போட்டால் இன்னும் கெட்டி என்று பெருமை வேறு!

5 ஆம்பியர் பியூசுக்கு உரிய ஈயம் பூசிய செம்புக் கம்பியின் தடிமன் 0.2 மில்லிமீட்டர்தான். 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர். தேவைப்படும்போது உருகிப் போவதற்காகவே அதை மெல்லியதாகச் செய்கிறார்கள். உருகாத பியூஸ் எதற்கு? அது உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் ஒயர் உருகும். கடையில் பியூஸ் கம்பி கேட்டால், அந்த ஆம்பியருக்கு உரியதைக் கொடுப்பார்கள். செலவும் சொற்பம்தான்.

எக்ஸ்டென்சன் பெட்டியும் அப்படியே. நான்கு ஓட்டை இருக்கிறது என்று நான்கு சாமான்களை மாட்டுகிறோம். பெட்டிக்கு வரும் ஒயர் ஒன்றுதானே? அதுவும் பெரும்பாலும் மெல்லியது. செல்போன், டி.வி. மாட்டலாம். ஹீட்டர், இண்டக்சன் அடுப்பு கூடவே கூடாது. ஒயரைச் சுருட்டி வைத்தபடி பெரிய சாமானை ஓட்டினால், சுருளுக்குள்ளேயே சூடு சேரும்.

தோட்டத்து மோட்டார்

தூரமும் ஒரு விஷயம். இது தோட்டம் வைத்து இருப்பவர்களுக்கு.

வீட்டில் இருந்து கிணறு 100 மீட்டர். அங்கே 1 குதிரைசக்தி மோட்டார். இழுப்பது சுமார் 7 ஆம்பியர். ஒன்றரை ஸ்கொயர் ஒயர் 13 தாங்குமே, அது போதாதா?

சூட்டுக்குப் போதும். ஆனால் மின்சாரம் போக 100 மீட்டர், திரும்பி வர 100 மீட்டர். அந்த 200 மீட்டர் ஒயரே சுமார் 17 வோல்ட்டை விழுங்கிவிடும். வீட்டில் 230 இருந்தால், கிணற்றில் 213 தான். மாலை நேரத்தில் வீட்டிலேயே 200 வோல்ட் வந்தால்? மோட்டார் முக்கும், முனகும், சூடாகும். கடைசியில் காயில் கருகும். "மோட்டார் சரி இல்லை" என்று கம்பெனிக்காரனைத் திட்டுவோம்.

4 ஸ்கொயர் ஒயர் போட்டால் 7 வோல்ட்தான் குறையும். ஒயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், காயில் கட்டும் செலவில் மிச்சமாகும்.

இரண்டு நாள் வேலை

எங்கள் வீட்டு வேலை இரண்டு நாள் நடந்தது. இது நாமே ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு செய்கிற வேலை அல்ல. அரசாங்கம் தேர்வு வைத்து 'மின் கம்பியாள்' சான்று கொடுக்கிறது. அந்தச் சான்று உள்ளவர்தான் செய்ய வேண்டும். அண்ணாச்சியிடம் அது இருந்தது.

கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஒயரின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அளவும் அச்சடித்து இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். விலை மலிவான ஒரு கட்டைக் கடைக்காரர் நீட்டினார். கையில் தூக்கிப் பார்த்தார். "செம்பு குறைச்சல்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏ.சி.க்குத் தனி லைன் இழுத்தார். ஹீட்டருக்குத் தனி லைன் இழுத்தார். பழைய ஒயர் முழுவதையும் உருவிவிட்டு, ஒன்றரை ஸ்கொயர் போட்டார். "எம்.சி.பி. ஒயரைத்தான் காப்பாற்றும். ஷாக் அடித்தால் மனிதனைக் காப்பாற்ற இது வேண்டும்" என்று 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டினார்.

கடைசியாக ஒரு தாளில் எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தார்.

"ஏ.சி. - 4 ஸ்கொயர் - 20. ஹீட்டர் - இரண்டரை ஸ்கொயர் - 16. விளக்கு, விசிறி - ஒன்றரை ஸ்கொயர் - 10."

படித்துவிட்டு, "அந்த 32 எங்கே?" என்று கேட்டார்.

அண்ணாச்சி பையைத் தட்டிக் காட்டினார். "இங்கே இருக்கிறது, அக்கா. 10 ஸ்கொயர் ஒயர் போட்ட வீடு ஏதாவது வந்தால் மெயினுக்கு ஆகும்" என்றார்.